வெட்டுக்கல் பொடியும் பதினெட்டுப் புட்டிகளும்

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணி. திருவனந்தபுரம் கரமனைக்கு அருகில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், ஆறு கண்ணாடிப் புட்டிகளில் ஹைட்ரஜன் வருவது நின்றது.

புட்டிகளில் இருந்தது விடுதிச் சமையலறையின் கஞ்சித் தண்ணீர். அதில் சாணக் கரைசலைக் கொதிக்கவைத்தபோது பிழைத்துக்கொண்ட பாக்டீரியாக்கள் இருந்தன. அவை கஞ்சியைத் தின்று ஹைட்ரஜனை வெளியிடும். அவற்றுக்கு இரும்பு தேவை. கேரளத்தில் சுவர் கட்ட அறுத்தெடுக்கும் வெட்டுக்கல்லின் சிவப்புப் பொடியில் இரும்பு நிறைய உண்டு. பொடியைக் கொஞ்சம் சேர்த்தால் வாயு கூடும் என்பதுதான் முனைவர் பட்ட மாணவி அஜிதாவின் ஆய்வு. முதல் சாக்குப் பொடியில் நான்கு முறை செய்தாள். நான்கிலும் ஒன்றரை மடங்கு வந்தது. கட்டுரையை ஒரு பத்திரிகை ஏற்றுக்கொண்டது. ஜனவரியில் பொடி தீர்ந்து, கல்லூரி வளாகத்துக் கட்டட வேலையிடத்திலிருந்தே இன்னொரு சாக்கு வந்தது. அதில் மூன்று முறை செய்தும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கூடவில்லை.

அச்சுப்படியில் வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் தர வேண்டும். ஒரு கட்டுரையாவது வெளிவராமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. அவள் பதிவு ஜூனில் முடிகிறது.

"நாலு தடவ வந்ததுதானே மோளே? அதுல கள்ளம் ஒண்ணும் இல்லியே. ஒப்பம் போட்டு அனுப்பு" என்றார் வழிகாட்டி ஜெயஷீலா.

"ஏன் வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது டீச்சர். வேற ஆளு செஞ்சா வராது."

"வெள்ளிக்கிழம வரைக்கும் பாரு. அது கழிஞ்சா நானே அனுப்பிருவேன், கேட்டோ."

அஜிதா பழைய நோட்டுகளை எடுத்தாள். தோற்ற புட்டிகளில் கஞ்சி நன்றாகப் புளித்து, pH எண் 4.3-க்கு இறங்கியிருந்தது; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அந்தப் புளிப்பில் பாக்டீரியா வேலை செய்யாது. முதல் சாக்கு காலத்தில் 5.6-க்குக் கீழே இறங்கியதே இல்லை. எண்களை அவளே எழுதியிருக்கிறாள். இரும்பைத் தவிர வேறொன்றை யோசிக்காததால் அதைக் கவனிக்கவில்லை.

நேரே வேலையிடத்துக்குப் போனாள். இரண்டு சாக்கையும் அள்ளிக் கட்டியவள் மாடம்மாள், ராதாபுரம் பக்கத்திலிருந்து வந்த சித்தாள்.

"அக்கா, மொத சாக்கு எங்க அள்ளுனிய?"

"ஏம்மா, பொடிக்கும் சாதகம் பாக்கியளோ?"

"பாத்துத்தான் ஆவணும். சொல்லுங்க."

"அது பழைய கோட்டர்ஸ் செவரு. இடிச்ச கல்ல மிஷின்ல அறுத்தாவ, அந்தப் பொடி. ரெண்டாவது நெடுமங்காட்டு லோடு, புதுக் கல்லு. படிக்கிற புள்ளைக்கு சுத்தமா குடுன்னு மேஸ்திரி சொன்னாரு."

"பழைய கல்லுல என்ன ஒட்டிக் கெடந்துச்சு?"

"சுண்ணாம்புதான். அந்தக் காலத்துல சிமெண்டா பூசுனான்? அத எடுக்காம குடுத்துட்டமே, ஏசுவியளோன்னு பயந்துல்லா கெடந்தேன்."

"அந்தச் சுண்ணாம்புதான் புளிப்ப முறிச்சிருக்கும். எனக்கு இப்ப அந்த அழுக்குதான் வேணும்."

"நல்லாருக்கு ஒங்க படிப்பு! மொதல்ல மூக்க மூடுங்க. தூசி பறக்கும்."

சுவரின் எஞ்சிய பகுதியிலிருந்து மாடம்மாள் சுண்ணாம்பைச் சுரண்டித் தந்தாள். கல்லை அறுத்த பொடியும் கொஞ்சம் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை அஜிதா பதினெட்டுப் புட்டிகளை நிரப்பினாள். மூன்றில் எதுவும் சேர்க்கவில்லை. மூன்றில் புதுக் கல்லின் பொடி, மூன்றில் சுண்ணாம்பு மட்டும், மூன்றில் இரண்டும். மூன்றில் பழைய கல்லின் பொடி. கடைசி மூன்றில் அதே பழைய பொடி, ஆனால் அமிலத்தில் கழுவிச் சுண்ணாம்பை நீக்கியது. சுண்ணாம்பிலிருந்து வரும் கரியமில வாயு கணக்கில் கலந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு குழாயையும் காரக் கரைசல் வழியாக விட்டாள்.

வியாழக்கிழமை அளந்தாள். வெறும் கஞ்சியில் ஹைட்ரஜன் நூறு மில்லிலிட்டர். புதுக் கல் 108, சுண்ணாம்பு 134, இரண்டும் சேர்ந்தது 151, பழைய பொடி 149, கழுவிய பொடி 107.

ஜெயஷீலா தாளை இரண்டு முறை படித்தார். "சுண்ணாம்பப் பத்தி ஒரு பத்து வரி சேத்தா போராதா?"

"தலைப்பே இரும்புன்னுதானே இருக்கு டீச்சர்."

"ஜூன் கழிஞ்சு போகும். அறியாமே?"

"தெரியும்."

"அப்ப திரும்ப வாங்குறோம்னு எழுது. என் பேரும் அதுலதான் இருக்கு, நானும் ஒப்பம் போடணும்."

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. காரணம் என்ற இடத்தில் அஜிதா மூன்று வரி எழுதினாள். ஜூனில் பதிவு முடிந்தது; ஆறு மாத நீட்டிப்பு கிடைத்தது. சுண்ணாம்பைப் பற்றிய புதிய கட்டுரை நவம்பரில் வெளிவந்தது. டிசம்பர் 19 அன்று அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள்.