கைபடாத மடை

விழிதியூர் சோமுவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. காரைக்கால் கடையில் உரம் வாங்கினால் மூட்டையை வாசலிலேயே பிரித்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார். படிப்பு மூன்றாவதோடு நின்றுபோனது. அதனால் எழுத்து என்றாலே, தன்னை ஏமாற்ற எவனோ போட்ட கோலம் என்று நினைப்பு. கண்ணால் பார்த்தால் உண்டு, பார்க்காவிட்டால் இல்லை.

இப்படிப்பட்டவரை ஊர் ஒரு விஷயத்தில் நம்பியது. சோமு கஞ்சன், அடாவடி, வாய் கெட்டவர். ஆனால் பொய் சொல்லமாட்டார். பொய் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு அதுவரை வரவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

எழுபத்தைந்து, எழுபத்தாறு வாக்கில் ஒரு வருஷம் ஆற்றில் தண்ணீர் நேரங்கெட்டு வந்தது. காரைக்கால் பக்கமெல்லாம் கடைமடை. மேலே இருப்பவர்கள் குடித்து மிச்சம் வைத்தால்தான் இங்கே வாய்க்கால் நனையும். ஆவணியில் ஊர் கூடி முறை வைத்தார்கள். இன்றைக்கு ஒருவர் நாற்றங்காலுக்கு, நாளைக்கு இன்னொருவருக்கு. முறை இல்லாதவன் தன் மடையைக் களிமண் போட்டு அடைத்துவிட வேண்டும். அடைத்த மடையில் யாரும் கை வைக்கக் கூடாது. ஊர் போட்ட கட்டு, வார்த்தைக்கு வார்த்தை இதுதான்.

காசியம்மாவின் முறை வந்தது. அவள் தெற்குத்தெருக்காரி; சோமு வகையறா தொட்டுப் புழங்காத தெரு. புருஷன் இல்லை, மகள் அல்லி மட்டும்தான். ஊரார் வயலில் நட்டும் அறுத்தும் இரண்டு மா நிலம் சொந்தமாகச் சேர்த்தவள். அவள் நாற்றங்கால் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. சோமுவின் மடையைத் தாண்டித்தான் தண்ணீர் அங்கே போக வேண்டும்.

அன்று பொழுது வெளுக்கும்போது சோமு தன் வரப்பில் நின்றார். அவருடைய நாற்றும் நுனி கருகிக் கிடந்தது. கெண்டைக்கால்கூட நனையாத அந்தக் கலங்கல் தண்ணீர் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தார். அடைப்பின் மேல் குதிகாலால் ரெண்டு உதை விட்டார். களிமண் பிளந்து, தண்ணீர் அவர் நாற்றங்காலுக்குத் திரும்பிக்கொண்டது. மண்வெட்டி தோளை விட்டு இறங்கவே இல்லை.

அடுத்த முறை வருவதற்குள் காசியம்மாவின் நாற்று வைக்கோலாகிவிட்டது. அவள் சும்மா இருக்கவில்லை. நாட்டாமை சுவாமிநாதன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"சோமு ஐயாதாங்க ஒடைச்சாரு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"இருட்டுல எவனையோ பாத்துட்டு உளறாத."

"வெளுத்துடுச்சுங்க. தலப்பா, தோள்ல மம்பட்டி, எல்லாம் தெரிஞ்சுது. நான் ஓடி வாரதுக்குள்ள போயிட்டாரு."

சுவாமிநாதன் சோமுவுக்கு மச்சான் முறை. "அவ கெடக்குறா. வெள்ளிக்கிழமை அய்யனார் கோயில்ல கற்பூரத்த அணைச்சு ஒரு சத்தியம் பண்ணிடு, வாய் அடங்கிடும்" என்று சோமுவிடம் தனியாகச் சொன்னார். சத்தியம் செய்தால் வழக்கு முடிந்தது. செய்யாவிட்டால் சோமு தன் நாற்றில் பாதியை அவளுக்குக் கொடுத்தாக வேண்டும். அதுதான் ஊர்த் தீர்ப்பு.

வியாழக்கிழமை மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே மனைவி வடிவாம்பாள் கேட்டாள். "நெசமாவே சத்தியம் பண்ணப் போறீங்களா?"

"பண்ணாம? பாதி நாத்தத் தூக்கிக் குடுத்துட்டு நம்ம வயல்ல கோரைய நடுறதா?"

"நீங்கதான ஒடைச்சீங்க?"

"மடையில கை வைக்கலன்னுதான சத்தியம் கேக்குறானுவ. நான் எங்கடி கை வெச்சேன்? கால்தான் வெச்சேன்."

"அய்யனாருக்கு அது தெரியாதாக்கும்."

"அவரு என்ன வக்கீலா, குறுக்குக் கேள்வி கேக்க? சொல்ற வார்த்தை பொய்யில்லையில்ல, அவ்வளவுதான். கொழம்ப ஊத்து."

வடிவாம்பாள் ஊற்றினாள். "புள்ளைவ பேர மட்டும் இழுக்காதீங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். பூசாரி மாரிக்கண்ணு வெற்றிலையில் கற்பூரத்தை வைத்து ஏற்றினார். சோமு தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "அடைச்ச மடையில என் கை படல. பட்டிருந்தா இந்தக் கை வெளங்காமப் போவட்டும்" என்று உரக்கச் சொல்லி, உள்ளங்கையால் கற்பூரத்தை அமுக்கினார். சுருக்கென்று சுட்டது. புகை கிளம்பியது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து, பதிலுக்குக் கத்த நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தார். காசியம்மா கத்தவில்லை. அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அய்யனார் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, ஐயா பொய் சொல்ற ஆளு இல்ல. என் கண்ணுதான் பொய் பாத்திருக்கு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமிக்காக மெல்லத் தட்டிக்கொள்வது போல இல்லை. பளார் பளாரென்று அறைந்துகொண்டாள். "எவனையோ பாத்துட்டு இவருன்னு சொல்லிச்சே, இந்தக் கண்ணு அவிஞ்சு போவ." மகளைப் பார்த்தாள். "ஏன்டி அல்லி, அன்னிக்கு வெளுத்திருந்துச்சா, இல்லையா? எனக்கு இப்ப ஒண்ணும் வெளங்கலடி."

மண்குதிரை கனைக்கவும் இல்லை, வானம் இடிக்கவும் இல்லை. சோமுவின் மனம் இளகியது என்றும் சொல்வதற்கில்லை. முதலில் அவருக்கு வந்தது கோபம். பார்த்ததைப் பார்த்தேன் என்று நிற்கத் தெரியாத கழுதை! பிறகுதான் அந்தக் கோபம் போன வழியிலேயே அவர் மேல் திரும்பி வந்தது. எழுத்துத் தெரியாதவனுக்குக் கண்ணை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அதை நம்பித்தான் அவர் ஐம்பது வருஷம் ஓட்டினார். அவளும் அப்படித்தான். ஒரு நாள் தண்ணீரை எடுத்ததாக நினைத்திருந்தார். எடுத்தது அதுவல்ல என்று இப்போது தெரிந்தது.

அவள் மறுபடி கையை ஓங்கினாள்.

"ஏ கிறுக்கி, நிறுத்து!" என்று அதட்டினார் சோமு. "உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீ பாத்தது நான்தான். கால்ல ஒதைச்சேன்."

சுவாமிநாதன் முன்னால் வந்தார். "சோமு, வெயிலு ஒனக்குத் தலைக்கேறிடுச்சு. சத்தியம் முடிஞ்சாச்சு, வீட்டுக்குப் போ."

"முடியல மச்சான். கைதான் படல. குதிகாலு பட்டுது."

"அப்ப இந்தக் கற்பூரத்துக்கு என்னய்யா கணக்கு?" என்றார் பூசாரி.

"கால்ல இன்னொரு தடவ அணைக்கச் சொல்லுங்க!" என்று பின்னாலிருந்து எவனோ குரல் கொடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். சுவாமிநாதனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

காசியம்மா சிரிக்கவில்லை. கன்னம் இரண்டும் தடித்திருந்தன. சோமுவுக்கு நேரே வந்து நின்றாள்.

"வெளுத்துதான இருந்துச்சு?"

"வெளுத்துதான் இருந்துச்சு."

"தலப்பா கட்டியிருந்தீங்க."

"கட்டியிருந்தேன்."

"மம்பட்டி வலது தோள்ல."

"ஆமா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு நாத்துப் பறிக்க வருவேங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் வடிவாம்பாள் பிடித்துக்கொண்டாள். "சொல்றதா இருந்தா மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம். கையும் வெந்துச்சு, நாத்தும் போச்சு."

மறுநாள் காலை தாயும் மகளும் வந்து நாற்றங்காலில் இறங்கினார்கள். சோமு வரப்பில் நின்றார். உண்மையைச் சொன்னோமே, ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று உள்ளூர ஓர் எதிர்பார்ப்பு அவருக்கு இருந்தது. அவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நாற்று அடர்த்தியாக, பச்சையாக நின்ற நடுவிடத்தில் போய்க் குனிந்தாள்.

சோமுவுக்குப் பொறுக்கவில்லை. "ஓரத்துலேந்துதான பறிச்சிக்கிட்டு வருவாங்க?"

"ஓரத்து நாத்து ஒங்களுக்கு இருக்கட்டுங்க" என்றாள் நிமிராமல்.

உச்சிப்பொழுதுக்குள் பாதி நாற்றங்கால் வெறும் சேறாகிவிட்டது. அந்த வருஷம் தன் கீழ்ப்பங்கு வயல் முழுவதும் நடாமல் கிடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அல்லி ஒரு சுமையோடு முன்னால் போனாள். காசியம்மா மிச்ச நாற்று முடிகளை ஒன்றாக அடுக்கிக் கட்டினாள். தனியாகத் தூக்க முடியவில்லை. சுற்றும்முற்றும் பார்த்தாள். வேறு ஆள் இல்லை.

"தூக்கி விடுங்க" என்றாள்.

தெற்குத்தெருக்காரியின் தலைக்குச் சோமு வகையறாவில் யாரும் சுமை தூக்கி விட்டதில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். கட்டின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறு பக்கத்தை அவர். அவள் தலைச் சும்மாட்டின் மேல் ஏற்றினார்கள். வேரிலிருந்து வடிந்த தண்ணீர் இருவர் மேலும் ஒழுகியது.

"சாயுது. முன்னால தள்ளி வைங்க."

வைத்தார்.