கேடயம் இல்லாத டேங்க்

நிம்மி கேடயத்தைக் கழற்றி வைக்கப் போகிறாள் என்ற செய்தி, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. உலகத்துக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அவர்களில் நான்கு பேர் அன்றைக்கே அவளுக்குப் போன் போட்டு, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்கள்.

விஷயம் இதுதான். அவர்கள் ஆடுவது ஓர் ஆன்லைன் விளையாட்டு. பத்துப் பேர் சேர்ந்து ஒரு பெரிய அரக்கியை வீழ்த்த வேண்டும். அந்தப் பத்தில் ஒருவர் டேங்க். அரக்கியை வம்புக்கு இழுத்துத் தன் பக்கம் திருப்பி, விழுகிற அடியையெல்லாம் வாங்கிக்கொள்வது டேங்கின் வேலை. அடி விழ விழ டேங்கின் உயிர்ப்பட்டை குறையும். தூரத்தில் நிற்கும் ஹீலர் அதைத் திரும்ப நிரப்புவார். இந்த நேரத்தில் மற்றவர்கள் அரக்கியை வெட்டிச் சாய்ப்பார்கள். புகழும் அவர்களுக்குத்தான் போகும். நிம்மி ஆறு வருடமாக டேங்க். அவளுடைய அண்ணன் வால்டர் ஆறு வருடமாக அவளுக்கு ஹீலர்.

இருவரும் மண்டி மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, மாடி வீட்டில் இருந்தார்கள். முன்னறையில் அவள் கம்ப்யூட்டர், உள்ளறையில் அவனுடையது. அவன் ஒரு தனியார் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் நர்ஸ். பதினேழு வருட சர்வீஸ். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மட்டன் குழம்பும் முடிந்து, மூன்று மணிக்கு ஊரெல்லாம் கண்ணயரும் நேரத்தில் இந்தக் குழு ஆட உட்காரும். பத்துப் பேரும் மைசூர்க்காரர்கள். பாதிப் பேர் ஷிப்ட் வேலைக்காரர்கள். மூன்று மணி எல்லாருக்கும் ஒத்துவந்தது.

கேடயத்தின் மேல் நிம்மிக்குக் கோபம் ஒன்றுமில்லை. சலித்துப்போயிருந்தாள், அவ்வளவுதான். ஆறு வருடமாக ஒரே இடத்தில் கால் ஊன்றி நின்று, கேடயத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் சலிக்காது? போன மாதம் விளையாட்டில் டேங்குகளுக்குப் புதிதாக ஒரு வழி வந்திருந்தது. கேடயம் கிடையாது, இரண்டு கையிலும் கோடரி. வெட்டுகிற ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் உயிர் திரும்பிவரும். அதிலும் ஒரு கிறுக்குத்தனம்: பட்டை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால்தான் கோடரி சூடேறும். சூடேறிய கோடரி அள்ளி அள்ளிக் கொடுக்கும். பட்டை நிறைந்திருந்தால் அது வெறும் இரும்பு. அதாவது சாவுக்குப் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும். நிம்மி மூன்று வாரம் தனியாகப் பழகிப் பார்த்தாள். ஒரு தடவைகூடச் சாகவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு உட்கார்ந்து, ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தாள். அப்படி அவள் இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

குழுவின் தலைவன் கிரண் அரை மனதோடு ஒப்புக்கொண்டான். தேவராஜ மொஹல்லாவில் மொபைல் கடை வைத்திருப்பவன். வீட்டில் கன்னடம், கடையில் எல்லாம், நிம்மியோடு ஒரு மாதிரித் தமிழ்.

"ஒரு சண்டே கொடுக்கறேன் அக்கா, நாலு ட்ரை. அதுல ராணி விழலைன்னா நீங்க கேடயத்துக்கு வாபஸ் வரணும். இல்லைன்னா தருண்குமார் முன்னாடி நிக்கட்டும். சும்னே, சும்மா மனசுல வெச்சுக்காதீங்க."

தருண்குமார் கேடயம் பழகிவிட்டு இரண்டு வருடமாகக் காத்திருக்கும் பையன். மரியாதைக்காரன். "அக்கா ஆடட்டும், பரவால்ல" என்றான். மரியாதைக்காரர்கள் இப்படிச் சொன்னால்தான் கவனமாக இருக்க வேண்டும். கேடயத்துக்குத் திரும்பிப் போக நிம்மியால் முடியாது. திரும்பாவிட்டால் இந்த இடம் போய்விடும். இதற்கு நடுவில் அவளிடம் இருந்தது நான்கு முயற்சி.

அன்றைய எதிரி உப்பு ராணி. வெள்ளை மண்டபத்தில் நிற்பாள்; கையில் மாளிகைத் தூண் அளவுக்கு ஒரு கதாயுதம். அவள் பழக்கம், நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்து மூன்று அடி கொடுப்பது. கேடயம் இருந்தால் அது தாங்கும். கோடரிக்காரிக்குக் கணக்கு வேறு: முதல் அடியில் பட்டை தரைக்கு வர வேண்டும், கோடரி சூடேற வேண்டும், மிச்ச இரண்டு அடிக்கும் வேண்டியதை அவளே வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் முயற்சி. முதல் அடி விழுந்தது. நிம்மியின் பட்டை சிவந்து கீழே போனது. கோடரி சூடேறத் தொடங்கியது. அப்புறம் ஏனோ ஆறியது. இரண்டாவது அடி, மூன்றாவது அடி, நிம்மி தரையில் கிடந்தாள். அடுத்த பத்து நொடியில் ராணி மற்ற ஒன்பது பேரையும் வரிசையாக அனுப்பிவைத்தாள்.

இரண்டாவது முயற்சியும் அட்சரம் பிசகாமல் அப்படியே முடிந்தது. ஹெட்போனில் யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, இந்த ஸ்டைல் ராணிக்கு ஆகாதோ என்னமோ" என்றான் கிரண், பக்குவமாக.

நிம்மி கணக்கு டீச்சர். அடி விழுந்த பதிவைத் திறந்து நொடி நொடியாகப் படித்தாள். தப்பு கோடரியில் இல்லை. முதல் அடி விழுந்த அரை நொடிக்குள், இரண்டு தடவையும், அவள் பட்டை முக்கால்வாசிக்கு நிரம்பியிருந்தது. நிரப்பியவர் பெயர் வால்டர். நிரம்பியதால் கோடரி ஆறியது. ஆறியதால் அவள் செத்தாள். ஐந்து நிமிட இடைவேளை கேட்டுவிட்டு உள்ளறைக்குப் போனாள்.

வால்டர் அவள் முகத்தைப் பார்த்ததும் "சாப்டியா சரியா?" என்றான். ஒரு மணிக்குத்தான் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டிருந்தார்கள்.

"அண்ணா, நான் நேத்தே சொன்னேன்ல. முதல் அடி விழுந்ததும் என்னை நிரப்பாதே."

"நிரப்பலியே."

"ரெண்டு தடவையும் நிரப்பியிருக்க. பதிவுல இருக்கு."

அவன் தன் வலது கையைப் பார்த்தான், அது வேறு யாருடையதோ என்பது போல. "தெரியலை நிம்மி. நம்பர் இறங்கினா கை போயிடுது. வார்டுலயும் அப்படித்தான். யோசிச்சா லேட்டாயிடும்னு யோசிக்கவே மாட்டோம்."

"இது உன் வார்டு இல்லை."

"தெரியும்."

"தெரிஞ்சா கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. மத்தவங்களைப் பாரு."

மூன்றாவது முயற்சியில் அவன் உண்மையாகவே முயன்றான். முதல் நிமிடத்து மூன்று அடியையும் நிம்மி தானே தாண்டினாள், கோடரி தகதகத்தது, ஹெட்போனில் தருண்குமார்கூட "ஓ" என்றான். இரண்டாவது நிமிடமும் தாண்டினாள். மூன்றாவது நிமிடத்தில் பட்டை நூற்றுக்கு எட்டாக இறங்கியது. அங்கே நிற்பதுதான் கோடரியின் உச்சம். அவள் கையை ஓங்கினாள், பட்டை குபுக்கென்று நிரம்பியது, கோடரி இரும்பானது. அடுத்த அடியில் போய்ச் சேர்ந்தாள்.

"சாரி" என்று வால்டரின் குரல் ஹெட்போனிலும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்டது.

இந்த முறை நிம்மி மைக்கை அணைத்துவிட்டுத்தான் எழுந்தாள். கோபம் தலைக்கேறியிருந்தது. விளையாட்டுக்கு இத்தனை கோபம் எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளறை வாசலில் நின்று வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

"நான் மேல வருவேன்னு உனக்கு நம்பிக்கை இல்லை. அதானே?"

வால்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

"நாலு வருஷமா இதேதான். சாப்டியா, தூங்கினியா, யாரு போன், ஏன் முகம் வாடியிருக்கு. நான் நல்லாத்தான் இருக்கேன். என்னை விடு கொஞ்சம்."

நான்கு வருடத்துக்கு முன்புதான் அவள் ஹாசனிலிருந்து, கல்யாணத்தை அங்கேயே விட்டுவிட்டு, ஒரே ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தாள். அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. பேசாமலே எல்லாம் நடந்தது; தட்டில் கறி அதிகமாக விழுந்தது, மாத்திரை நேரத்துக்கு வந்தது. நல்லவனோடு சண்டை போடுவது கஷ்டம். அதனால் நான்கு வருடமாக அவள் போடவில்லை.

வால்டர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தான்.

"நான் ஒருக்கா நம்பினேன் நிம்மி. ஹாசன்ல இருந்தப்போ வாராவாரம் ஆன்லைன்ல எங்ககூடதானே ஆடின. எப்படி இருக்கேன்னு கேட்டா, நல்லா இருக்கேன்னு சொல்லுவ. ரெண்டு வருஷம். உன் பட்டையை ஒரு வாரம்கூட நான் கீழ விட்டதில்லை. ஸ்க்ரீன்ல நீ எப்பவும் ஃபுல்லு. பஸ்ஸை விட்டு இறங்கி வந்தப்போ முப்பத்தெட்டு கிலோ. நான் நர்ஸு. எனக்குத் தெரியலை."

நிம்மிக்கு அவமானமாக இருந்தது. யாரை நினைத்து என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கீழே தெருவில் ஒரு ஆட்டோக்காரன் ஸ்கூட்டர்காரனோடு கன்னடத்தில் வழக்கு நடத்திக்கொண்டிருந்தான். அவர்கள் முடிக்கும்வரை இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அது என் தப்பு" என்றாள் நிம்மி. "நான் பொய் சொன்னேன். இப்போ சொல்லலை."

"சரி."

"இன்னும் ஒரு ட்ரைதான் இருக்கு."

"போய் உக்காரு" என்றான் வால்டர். "நான் ஏதாவது பண்றேன்."

என்ன பண்ணுவான் என்று அவள் கேட்கவில்லை.

நான்காவது முயற்சி. முதல் நிமிடம், இரண்டாவது நிமிடம், மூன்றாவது. பட்டை இறங்கியது, ஏறியது, இறங்கியது. வால்டரிடமிருந்து ஒரு துளி உயிர்கூட வரவில்லை. மற்றவர்களின் பட்டைகளை அவனும் இன்னொரு ஹீலர் விக்டோரியாவும் பார்த்துக்கொண்டார்கள். கிரணுக்கு ஒரு தடவை, தருண்குமாருக்கு இரண்டு தடவை வால்டர் சரியான நேரத்தில் கொடுத்தது அவள் ஓரக்கண்ணில் பட்டது. அவளுக்கு மட்டும் ஒன்றுமில்லை. ஆறு வருடமாக முதுகுக்குப் பின்னால் இருந்த ஒன்று இல்லாமல் போனதை அவள் உடம்பே உணர்ந்தது. பயமாக இருந்தது. பயத்தோடேயே வெட்டினாள்.

ஐந்தாவது நிமிடத்தில் ராணியின் இரண்டாவது அடி கொஞ்சம் முந்தி விழுந்தது. பட்டை நூற்றுக்கு மூன்று. நிம்மி இதுவரை மூன்றைப் பார்த்ததில்லை. கை மைக்கின் சுவிட்சைத் தேடாமல், வாய் அண்ணனைக் கூப்பிடாமல், கோடரியை இறக்கினாள். ஒன்பது. இன்னொரு தடவை இறக்கினாள். இருபத்தொன்று. மூன்றாவது அடி விழுந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். அதற்கு அடுத்த நிமிடம், கிரணின் கடைசி அம்பில், உப்பு ராணி மண்டபத்தோடு சேர்ந்து பொடிப்பொடியாகச் சரிந்தாள்.

"ஆய்து" என்றான் கிரண். முடிந்தது என்பதை அவன் கன்னடத்தில் சொன்னால்தான் மனதாரச் சொல்கிறான் என்று அர்த்தம். "அக்கா, நீங்க கோடரியே வெச்சுக்கோங்க. தருண், நீ இன்னும் கொஞ்சம் வெயிட் பண்ணப்பா."

"சரிண்ணா" என்றான் மரியாதைக்காரன். எல்லாரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். அந்த இரைச்சலுக்கு அடியில் வால்டரின் குரல் கேட்டது.

"நிம்மி, நீ இருக்கியா?"

கிண்டல் செய்கிறான் என்று அவள் நினைத்தாள். திரும்பவும் கேட்டான்.

"கடைசிவரைக்கும் இருந்தியா?"

நிம்மி எழுந்து உள்ளறைக்குப் போனாள். வால்டர் திரும்பவில்லை. விசைப்பலகையின் இரண்டு பக்கமும் கைகளை மல்லாத்தி வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திரையின் இடது ஓரத்தில் ஹீலருக்கு எல்லாருடைய உயிர்ப்பட்டையும் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் மேலே பெயர். அவள் எண்ணினாள். ஒன்பது. முதல் வரிசையில், ஆறு வருடமாக அவள் பெயர் இருந்த இடத்தில், கிரணின் பெயர் ஏறியிருந்தது. அவளை அவன் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டிருந்தான்.

ஆறு நிமிடம் அவள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமலே அவன் ஆடியிருக்கிறான்.

கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தப் பட்டியலை இன்னொரு தடவை எண்ணினாள்.

"இருந்தேன்" என்றாள்.

வால்டர் மூச்சு விட்டான். பிறகு நர்ஸ் கேட்கிற கேள்வியைக் கேட்டான். "எவ்வளவு வரைக்கும் போச்சு?"

நாற்பது என்று சொல்லியிருக்கலாம். அவன் பதிவைத் திறந்து பார்க்கிற ஆள் இல்லை; நம்பிவிட்டு, எழுந்து டீ போடப் போயிருப்பான்.

"மூணு" என்றாள் நிம்மி.

வால்டர் கண்ணை மூடினான். "சரி" என்றான்.