படம் பார்த்து ஒட்டிய கடைசி அத்தியாயம்

1

இந்தக் கதையை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம், ஃபில்டர் தண்ணி பிடிக்கும் வரிசையில் நின்றுகொண்டு என் அம்மா விட்ட ஒரு டூப். தன் பெண் எழுதிய கதை பொங்கலுக்கு போனில் பேசப்போகிறது என்று தெருவுக்கே சொல்லிவிட்டாள். அதை ஆடியோ கதையாக்கிப் பேசவைப்பதாக யாரும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கதைச் செயலிக்காரர்கள் கேட்கிறபடி நான் கடைசி அத்தியாயத்தைக் கொடுத்தால்தான் அது பேசும். மூன்று வாரமாக அந்த அத்தியாயத்தை எழுதாமல், அதற்குப் பதிலாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

'நான்', 'என் அம்மா' என்று எழுதிவிட்டேன். இனி முடிந்தவரை எழுத மாட்டேன். கதைச் செயலியில் என் எழுத்தைப் பார்த்துக்கொள்ளும் தர்ஷினி, 'நான்' என்று போகிற கதைகளை ஐந்தாம் அத்தியாயத்திலேயே வாசகர்கள் விட்டுவிடுகிறார்கள் என்று வரைபடம் போட்டுக் காட்டியிருக்கிறாள். ஆகவே 'அவள்'. அவள் பெயர் வீணா. வயது நாற்பத்தொன்பது. பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை: தையல் விட்டுப்போன இடத்தைத் தேடிப்பிடித்து அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது. அம்மா பெயர் ஜானகி. எழுபத்தாறு. ஸ்ரீராம்புரத்தில் ஒன்றரை அறை வீடு.

முதல் தொடக்கம்:

ஜன்னலோர இருக்கையில் சாய்ந்து, கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்தபடி வீணா தன் கதையின் கடைசி —

[அடித்தாயிற்று. காலை மெட்ரோவில் வீணாவுக்கு இருக்கை கிடைத்ததே இல்லை. டிசம்பரில் மழையும் இல்லை.]

இரண்டாம் தொடக்கம்:

ஸ்ரீராம்புரத்தில் ஏறி பீன்யாவில் இறங்குகிற வரைக்கும் வீணா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையின் கட்டைவிரலால் கதை எழுதுவாள். போகும்போது பாதி அத்தியாயம், திரும்பும்போது மீதி. அப்படி அறுபத்தோரு அத்தியாயம் ஆகிவிட்டது.

இது நிற்கும். மேலே போகலாம்.

2

வீணாவின் தொடர்கதையில் நாயகி செல்வி. வீட்டிலிருந்தபடியே புத்தக பைண்டிங் செய்து பிழைக்கிறவள். அவளுக்கு வேலை தருகிற அச்சக முதலாளி ரகுராம்.* முதலில் அவனுக்கு இரண்டே வரிதான் இருந்தது. வந்து தாளை இறக்குவான், திட்டுவான், போய்விடுவான். எட்டாம் அத்தியாயத்தில் அவன் திட்டியபோது கருத்துப் பகுதியில் இதயமாகக் கொட்டியது. இவன்தான் ஹீரோ என்று வாசகர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். தர்ஷினி போன் செய்து கொஞ்சம் உயரம் கூட்டச் சொன்னாள். வீணா ஆறடி ஆக்கினாள். அப்புறம் ஒரு கருப்புக் கார் வந்தது. அப்புறம் அவனுடைய முரட்டுத்தனத்துக்கு ஒரு காரணம் வந்தது. சின்ன வயதில் தாயை இழந்தவன். 'மடிப்பு' என்று அவள் வைத்திருந்த தலைப்பு 'தீயாய் நீ, தாளாய் நான்' ஆயிற்று.

[* நிஜத்தில் செல்விக்கு வேலை கொடுத்தவர் ஐந்தடி மூன்றங்குலம். சொத்தைப் பல்லில் கிராம்பு வைத்துக்கொண்டே பேசுவார். பெயர் கோதண்டராமன். நான்காம் பகுதியில் வருவார்.]

இப்போது அறுபத்திரண்டு. கடைசி. வீணா மனதில் வைத்திருந்த முடிவு: கட்டிக்கொள்கிறாயா என்று ரகுராம் கேட்கிறான், செல்வி மாட்டேன் என்கிறாள், மறுநாள் காலை டிபன் பாக்ஸோடு பஸ் ஏறி வேறொரு பைண்டிங் பட்டறைக்குக் கூலி வேலைக்குப் போகிறாள். தர்ஷினி கேட்கும் முடிவு: கல்யாணம்.

தர்ஷினி கெட்டவள் இல்லை. ஈரோட்டுப் பெண், இருபத்தேழு வயது. வீணாவின் அத்தியாயம் வந்தால் வேலையை விட்டுவிட்டு முதலில் அதைப் படிக்கிறவள். அவள் பாவமாகத்தான் சொன்னாள்.

"ஆடியோவுக்கு எடுக்கற கதை எல்லாம் ஹேப்பி எண்டிங்தான்க்கா. கேக்கறவங்க சமைச்சுக்கிட்டே கேக்கறாங்க. அழவெச்சா ஆஃப் பண்ணிட்டுப் போயிடறாங்க."

டிபன் பாக்ஸோடு பஸ் ஏறியதுதான் உண்மையில் நடந்தது என்றாள் வீணா.

"உண்மைன்னு டைப் அடிச்சு யாருக்கா தேடறாங்க? கான்ட்ராக்ட் மேரேஜ்னு தேடறாங்க."

ஆடியோ ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். ஜானகிக்குப் படிக்கத் தெரியாது. மகள் படித்துக் காட்டினாலும் பிடிப்பதில்லை. ஒருமுறை பாதியில் கையமர்த்திவிட்டாள். "நீ படிச்சா உன் குரல்தான் காதுல வுழுது. கதை வுழல."

3

இங்கே கொஞ்சம் கட்டுரை வருகிறது. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். சந்தையில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு ஒரு காலம் இருந்தது. பிறகு மாத நாவல். பஸ் ஸ்டாண்டில் தொங்கும், முதல் பக்கத்தில் பிணம் விழும். டி.வி. தொடர் வந்ததும் படித்த பெண்கள் பார்க்கப் போனார்கள். எழுதியவர்கள் சிலர் வசனம் எழுதப் போனார்கள், சிலர் ராசிபலனுக்குப் போனார்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். இப்போது செயலி. நான்கு வருடம் முன்னால் பேய். அப்புறம் கெட்டவனே நாயகன். இந்த வருடம் கான்ட்ராக்ட் கல்யாணம். அடுத்தது முன்ஜென்மம் என்கிறார்கள்.

எல்லாவற்றிலும் மூழ்காமல் மிதந்தவர் ஆம்ப்ரோஸ். டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி. மாதம் ஒரு கொலை நாவல் எழுதியவர். மாதாவின் அற்புதங்கள் எழுதினார், வீட்டு வைத்தியம் எழுதினார். இன்றைக்கு அதே செயலியில் 'லாவண்யா' என்ற பெயரில் எழுதுகிறார். லாவண்யா சிஸ், அடுத்த பார்ட் எப்போ என்று பெண்கள் கேட்பார்கள். சிமெண்ட் காய்ந்த விரலால் அவர் ரோஜாப்பூ அனுப்புவார்.

[இவரைக் கிண்டல் செய்ய நினைத்துத்தான் இந்தப் பத்தியை ஆரம்பித்தேன். முடியவில்லை. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த மனிதர்.]

மெட்ரோ ஸ்டேஷன் கீழே டீக்கடையில் வீணா அவரிடம் யோசனை கேட்டாள்.

"படிக்கிறவங்கதான் நமக்கு மொதலாளி, வீணா. உங்கப்பா மார்க்கெட் யார்டுல வெங்காய மூட்டை தூக்கினாரே. கனமா இருக்குதுன்னு மொதலாளிகிட்ட ஒருநாள் சொல்லியிருப்பாரா?"

"சொன்னாரு. மறுநாள்ல இருந்து வேலை இல்ல."

"பாத்தியா?"

"பாத்தேனே. அப்பத்தான் எங்கம்மா பைண்டிங் எடுத்தாங்க."

ஆம்ப்ரோஸ் டீயை ஊதிக் குடித்தார்.

4

ரயில் பாதையை ஒட்டி ஓர் அறை. அதுதான் கோதண்டராமனின் லெண்டிங் லைப்ரரி. வாரப் பத்திரிகைகள் வீடு வீடாகச் சுற்றித் திரும்பியதும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிளேடால் அறுத்து எடுப்பார். ஒரு கதை முடிந்ததும் கட்டு ஜானகியிடம் வரும். அவர் கதைகளை வாடகைக்கு விடுவாரே தவிர ஒன்றையும் படித்ததில்லை.

மைதா பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது. ஜானகியின் விரல்கள் எப்போதும் நீலம் பாரித்திருக்கும். ஒன்பது வயது வீணாவின் சோற்றிலும் அந்த நாற்றம் அடிக்கும். [நாற்றம் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் இன்றைக்கும் ஏதாவது போஸ்டர் புதிதாக ஒட்டியிருந்தால் நடை தானாகக் குறைகிறது. என்ன செய்ய.]

ஜானகிக்கு எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும். அத்தியாயம் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கிவிடுவாள். சிக்கல் கடைசியில்தான். அதற்கு எண் இருக்காது. 'இறுதி அத்தியாயம்' என்று எழுத்தில் போட்டிருப்பார்கள். படத்தைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். அப்போது அதிகம் ஓடிய வாரப் பத்திரிகைக்கு ஒரே ஓவியர். அவர் வரைந்த எல்லாப் பெண்களுக்கும் ஒரே முகம்: பெரிய கண், நெற்றியில் ஒரு சுருள் முடி.

அப்படித்தான் அந்தத் தப்பு நடந்தது. நித்யா என்று ஒருத்தி முப்பத்தேழு வாரம் ரத்தப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மாலினி என்று இன்னொருத்தி அதே இதழில் வீட்டோடு சண்டைபோட்டு வேலை தேடினாள். நித்யாவின் புத்தகத்தில், நித்யாவின் கடைசி அத்தியாயத்துக்குப் பதிலாக மாலினியுடையதைத் தைத்துவிட்டாள் ஜானகி. அதில் மாலினி ஊட்டியில் பஸ்ஸிலிருந்து பெட்டியோடு இறங்கி, பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டு நடந்துபோகிறாள். முற்றும்.

ஒருத்தி வாடகைக்கு எடுத்தால் ஏழு வீடு படிக்கிற காலம். குழாயடியில் இரண்டு நாள் விசாரணை நடந்தது. கடைசியில் மில் வேலைக்குப் போகிற ஒருத்தி தீர்ப்புச் சொன்னாள்: வியாதி தேறிவிட்டது, பழைய பேர் ராசியில்லை என்று மாற்றிக்கொண்டாள், டாக்டர் குளிர்ந்த இடத்துக்குப் போகச் சொல்லியிருப்பார். எல்லோருக்கும் சரியாகப் பட்டது. 'நல்லா இரும்மா' என்று கடைசிப் பக்கத்து ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியும் வைத்தார்கள்.

மாலினியின் புத்தகத்துக்கு முடிவே இல்லாமல் போயிற்று. நித்யாவின் நிஜமான கடைசிப் பக்கங்கள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. முடிவில்லாத அந்தப் புத்தகம்தான் அதிகம் வெளியே போனது. ஆளுக்கு ஒரு முடிவோடு திரும்பி வந்தது.

5

ஞாயிறு காலை. ஜானகி ஊறவைத்த அவரைக் கொட்டைகளைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். வீணா பக்கத்தில் உட்கார்ந்து தானும் பிதுக்கியபடி விஷயத்தைச் சொன்னாள்: கல்யாணம் பண்ணிவைத்தால்தான் போன் பேசும், இல்லாவிட்டால் இல்லை.

"கட்டிக்கட்டுமே. உனுக்கு இன்னா நஷ்டம்?"

"அம்மா, செல்வி யாரு? நீதான். உன்ன கொண்டுபோய் கோதண்டராமனுக்குக் கட்டிவெக்கச் சொல்றியா?"

"அந்தாளு குள்ளம். நீதான் ஆறடி ஆக்கிட்டியே." ஒரு கொட்டை தோலை விட்டுத் துள்ளிப் பாத்திரத்தில் விழுந்தது. "ஆறடின்னா யோசிக்கலாம்."

வீணாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. நீலம் பாரித்த அந்த விரல்களை உள்ளபடி எழுதுவதற்கு அவள் இருபது வருடம் காத்திருந்தாள். நிஜத்தில் அப்படி ஒரு கல்யாணம் நடக்கவில்லையே என்றாள்.

"நெஜத்துல நித்யாகூடத்தான் செத்துப்போனா."

வீணாவின் கை நின்றது. அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"எழுத்து தெரியலன்னா படம்கூடவா தெரியாது? மாலை போட்ட போட்டோ. கீழ பெத்தவ அழுவுறா. முப்பத்தேழு வாரம் அந்தப் பொண்ணு மூஞ்ச மடிச்சு மடிச்சு வெச்சிருக்கேன். கடைசில என் கையால சாவடிச்சுத் தைக்கணுமா? மாலை போட்டதை எவ வாடகைக்கு எடுத்துக்கினு போவா?"

"அந்தப் பக்கம்?"

"அட்டைக்குள்ள வெச்சு ஒட்டிட்டேன்."

"மாலினிக்கு முடிவு இல்லாம போச்சே."

"அவதான் நல்லா இருந்தாளே. அவளுக்கு எதுக்கு முடிவு?"

லைப்ரரியை மூடியபோது கோதண்டராமன் கொடுத்த ஒரே புத்தகம் வீணாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நித்யாவுடையதுதான். எடுத்து வந்து பின்னட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். முன்னட்டையைவிடக் கொஞ்சம் தடிமன். பசை திரண்டு காய்ந்ததாகவும் இருக்கலாம். நாற்பது வருடம் கழித்து இப்போதுதான் ஜானகி இதை இட்டுக்கட்டியிருக்கவும் கூடும். [எழுதத் தெரியாதவளுக்குக் கதை கட்டத் தெரியாது என்று நான் எதை வைத்து நினைத்துக்கொண்டிருந்தேன்?]

பிளேடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வீணா வெட்டவில்லை.

6

கடைசி அத்தியாயத்தை இரண்டாக எழுதி இரண்டையும் அனுப்பினாள். தர்ஷினி இரண்டு அட்டைப்படம் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். எந்த அட்டையோ அந்த முடிவு, திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். "கல்யாண அட்டைன்னா ஆடியோ கன்ஃபார்ம்க்கா. பஸ் அட்டைன்னா நான் உள்ள ஒரு தடவ சண்டை போட்டுப் பாக்கறேன். எனக்கும் அதான் பிடிச்சிருக்கு. ஆனா கேரண்டி இல்ல."

[இந்த இடத்தில் வீணா ஒரு நீண்ட யோசனையில் ஆழ்வதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் யோசிக்கவில்லை.]

போனை அம்மாவிடம் நீட்டினாள். எந்தப் படத்துக்கு போன் பேசும், எதற்குப் பேசாமல் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அன்றும் அவரை பிதுக்கிக்கொண்டிருந்த ஜானகி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். ஒன்றைப் பார்த்தாள். தள்ளி மற்றதைப் பார்த்தாள். மறுபடி முதல் படத்துக்கு வந்தாள்.

"ரெண்டும் ஒரே மூஞ்சி. அதே படக்காரனா?"

இப்போது படக்காரர் கிடையாது, மெஷின் வரைகிறது என்றாள் வீணா.

"அதுக்கும் ஒரே மூஞ்சிதான் வருதா?"

பிறகு இரண்டில் ஒன்றின் மேல் விரலை வைத்தாள். விரலை எடுத்தபோது ஓர் அவரைத் தோல் அந்தப் படத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. வீணா அதைத் துடைத்துவிட்டு, அதையே தர்ஷினிக்கு அனுப்பினாள்.

எது என்று எனக்குத் தெரியும். சொல்வதாக இல்லை. கட்டாயம் தெரிந்தாக வேண்டும் என்பவர்கள் பொங்கலன்று எங்கள் தெருவுக்கு வந்து, போன் பேசுகிறதா என்று காது வைத்துக் கேட்டுக்கொள்ளலாம். மற்றவர்களுக்காக இரண்டு படத்தையும் இங்கே வைக்கிறேன்.

ஒன்றில் அரக்குப் பட்டு, மாலை, பக்கத்தில் ஆறடி ரகுராம். அவள் நம்மைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை.

இன்னொன்றில் பஸ் படிக்கட்டு. ஒரு கால் இறங்கிவிட்டது. கையில் டிபன் பாக்ஸ்.

இரண்டிலும் பெரிய கண். நெற்றியில் ஒரு சுருள் முடி.

எழுத்தை மறந்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். ஒன்றை எடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். மற்றதைக் கிழித்துப் போட வேண்டாம். பின்னட்டைக்குள் வைத்துப் பசை தடவி அழுத்துங்கள். அட்டை கொஞ்சம் கனமாக இருக்கும். அவ்வளவுதான்.