சனாவில் பிறந்ததற்குச் சாட்சி

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.

"இன்னொரு முறை சொல்லுங்கள். எங்கே பிறந்தீர்கள்?"

ஆகிப் பேச்சுவாக்கில்தான் சொல்லியிருந்தான். வக்கீலின் முகம் மாறியதைப் பார்த்ததும் கொஞ்சம் பயந்தான்.

"சனாவில். ஏமன் நாட்டுத் தலைநகர். என் அப்பா அங்கே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். எனக்கு ஒரு வயதானபோது ஊருக்குத் திரும்பிவிட்டோம்."

"பாஸ்போர்ட்டில் அதிராம்பட்டினம் என்று இருக்கிறதே?"

"அது சொந்த ஊர்."

அமெரிக்க வக்கீலுக்கு அது புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் பிறந்த ஊர் எது என்று கேட்பார். அப்பா சொந்த ஊரைச் சொல்வார். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் இரண்டும் ஒன்றுதான். பள்ளிக்கூட சர்டிபிகேட்டைப் பார்த்து பாஸ்போர்ட் எழுதுவார்கள். இதில் பொய் சொல்கிறோம் என்று தஞ்சாவூர் ஜில்லாவில் ஒருவரும் நினைத்ததில்லை.

"மிஸ்டர் ஆகிப், க்ரீன் கார்டு வரிசை பிறந்த நாட்டை வைத்துத்தான். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை வருஷக்கணக்கில் நிற்கிறது. ஏமனில் பிறந்தவர்களுக்கு வரிசையே இல்லை. நாளைக்கே அப்ளை பண்ணலாம்!"

இரண்டாயிரமாம் வருஷம், மார்ச் மாதக் கடைசி. ஆகிப்பின் ஆறு வருஷ விசா ஏப்ரல் இருபதாம் தேதியோடு முடிகிறது. அதன்பின் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவன் போனால் மனைவி சாலிஹாவும் போக வேண்டும். சான் ஹோசே ஸ்டேட்டில் அவளுடைய மாஸ்டர்ஸ் முடிய இன்னும் ஒரே ஒரு செமஸ்டர்.

"பிறந்ததற்கு ரிக்கார்டு?" என்றார் வக்கீல்.

"இல்லை. வீட்டிலேயே பிறந்தேன்."

"அப்படியானால் இரண்டு அஃபிடவிட் வேண்டும். ஒன்று உங்கள் அம்மா. இன்னொன்று, உங்கள் பிறப்பை நேரில் அறிந்த, சொந்தக்காரர் அல்லாத ஒருவர்."

அன்றே சாலிஹா இன்டர்நெட் தமிழ்க் குழுவில் எழுதிப்போட்டாள். 'எழுபத்தொன்றில் சனாவில் வேலை பார்த்த கோயமுத்தூர் லேடி டாக்டரை யாருக்காவது தெரியுமா?' ஊரிலிருந்த ஆகிப்பின் உம்மா சொல்லி அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒன்பதாவது நாள் பதில் வந்தது. பிளசன்டனிலிருந்து ஒருவர். 'எங்கம்மா டாக்டர் ருக்மிணியாக இருக்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் வாருங்கள்.'

ஏப்ரல் எட்டு. மில்பிடாஸில் காரை எடுத்தான் ஆகிப். சாலிஹாவின் மடியில் சனாவைப் பற்றி லைப்ரரியில் எடுத்த ஜெராக்ஸ் கட்டு. 680 ஃப்ரீவே முழுக்கப் பரீட்சை நடந்தது.

"பழைய பேரு?"

"அஸால்."

"ஊரை உண்டாக்கினது?"

"நூஹ் நபியோட மகன் சாம். அது ஐதீகம். அதனால சாம் நகரம்னும் பேரு."

"சனான்னா அர்த்தம்?"

"பலமான கோட்டை... ஏய், எக்ஸிட்டை விட்டுட்டேன் பாரு!"

"பாஸ் மார்க் வாங்கிட்டே. ரோட்டைப் பாரு."

டாக்டர் ருக்மிணிக்கு ஐம்பத்தாறு வயது இருக்கும். க்ளினிக்கிலிருந்து அப்போதுதான் வந்தவர் மாதிரி கழுத்தில் இன்னும் அடையாள அட்டை தொங்கியது. காபி கொடுத்தார். எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லுங்க தம்பி. சனாவைப் பத்தி என்ன தெரியும் உங்களுக்கு?"

ஆகிப் இதற்குத்தானே காத்திருந்தான்! மளமளவென்று ஆரம்பித்தான். சாம் ஊரைக் கட்ட அளவுக்கயிறு கட்டியதும், ஒரு பறவை அதைக் கொத்திக்கொண்டு போய் நுக்கும் மலையடிவாரத்தில் போட்டதும், அங்கேயே ஊரைக் கட்டினதாகச் சொல்லப்படுவதும். அபிசீனியர்கள் கல் கட்டடங்களைப் பார்த்து 'சனா' என்று வியந்ததால்தான் பெயர் வந்தது என்று இன்னொரு கதை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய கல்வெட்டுகளில் அந்தப் பெயர். ஹிம்யர் ராஜாக்கள். இருபது மாடி என்று புகழப்பட்ட கும்தான் அரண்மனை...

ருக்மிணி கையை உயர்த்தினார்.

"போதுங்க. எல்லாமே சரி. அதுதான் எனக்குப் பிடிக்கலை."

"ஆன்ட்டி?"

"நான் மூணு வருஷம் அங்க இருந்தேன். அங்கிருந்து வந்த யாருமே ராஜா பேரிலிருந்து ஆரம்பிக்க மாட்டாங்க. அப்புறம் குவைத்லயும் வேலை பார்த்தேன். போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் கையெழுத்துக் கேட்டு வந்தான், குவைத்ல பிறந்தேன்னு. தெருப் பேரெல்லாம் சொன்னான். பார்த்தா, அவங்கம்மா மதுரையைத் தாண்டினதே இல்லை."

"ஆன்ட்டி, சத்தியமா..."

"உங்க அப்பா பேரு?"

"இனாயத்துல்லா."

அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார்.

"கம்பவுண்டர் ஒருத்தர் இருந்தாரு. பேரு நெனப்பில்லை. முகமும் வரலை. அவர் பையன் நீங்கதான்னு நிச்சயமாத் தெரியாம எப்படித் தம்பி சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடறது? நாளைக்கு ஆபீசர் கேட்டா நான் என்ன சொல்றது, பையன் ஹிஸ்டரி நல்லா ஒப்பிச்சான்னா?"

ஆகிப் தலை குனிந்தான். சுவரில் கடிகாரம் ஆறரையைக் காட்டியது.

சாலிஹா மட்டும் விடவில்லை. "ஆன்ட்டி, ஒரே ஒரு கேள்வி. எங்க மாமியை, இவங்க உம்மாவை, இப்போ கூப்பிட்டா பேசுவீங்களா? அங்கே ஞாயித்துக்கிழமை காலைலே ஏழு மணி. எழுந்திருப்பாங்க."

"ஏன் தம்பி, பிறந்த கதையை உங்க அம்மாகிட்டயே கேக்காம லைப்ரரிக்கா போனீங்க?"

ஆகிப்பின் காது சிவந்தது. "பிரசவ விஷயத்தை... மகன் எப்படி ஆன்ட்டி கேக்கறது?"

ருக்மிணி அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கர் போனை மேஜை நடுவில் இழுத்து வைத்தார். "நான் இங்க இருக்கறது தெரியக்கூடாது. நீங்க கேளுங்கம்மா. சும்மா கேளுங்க, எதையும் எடுத்துக் கொடுக்காதீங்க."

காலிங் கார்டு நம்பரைச் சாலிஹா தட்டினாள். மணி அடித்தது. ஆகிப் கண்ணை மூடிக்கொண்டான்.

"யாரு?"

"மாமி, நாந்தான் சாலிஹா. உங்க மவன் பொறந்தப்போ என்ன நடந்துச்சு? வக்கீல் எழுதித் தரச் சொல்றாரு."

"அவன் பக்கத்துல இருக்கானா?"

சாலிஹா கணவனைப் பார்த்தாள். அவன் எழுந்து ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டி நின்றான்.

"தள்ளித்தான் மாமி நிக்கிறாக."

"அதையேன் கேக்குறே! பழைய டவுனுக்குள்ள வீடு. அஞ்சு மாடி, மண்ணு வீடு. நாலாவது மாடியில நான் கெடக்குறேன். மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. ஒங்க மாமா ஓடிப்போய் டாக்டர் புள்ளய கூட்டியாந்தாரு. சந்துல காரு நுழையல. கழுதையில ஏத்தி விட்டிருக்காரு! சீலை கட்டிக்கிட்டு கழுதையில!"

ருக்மிணியின் கை காபிக் கோப்பையின் மேல் நின்றுவிட்டது.

"கீழே கதவைத் தட்டுனா, மேல இருந்து கயித்தை இழுத்துத் தொறப்பாக. தொறந்துட்டாக. ஆனா உள்ள இருட்டு, படி ஒண்ணொண்ணும் ஒரு ஒசரம். அந்தப் புள்ள தடுக்கி விழுந்து தாடையைக் கிழிச்சுக்கிச்சு. ரத்தம் ஒழுக மேல வந்து, என்னைப் பாத்து ஓன்னு அழுவுது!"

"யாரு, டாக்டரா?"

"ஆமாங்குறேன்! சின்னப் புள்ள. கை நடுங்குது. எனக்கு வலி ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். என் துப்பட்டியைக் கிழிச்சு நாந்தான் அது தாடைக்குக் கட்டுப் போட்டேன். 'அழுவாதம்மா, மொதல்ல என் புள்ளய எடு'ன்னேன். அதுக்கப்புறம் பாரு, கையி நடுங்கவே இல்ல. சுத்தமா எடுத்துச்சு. போறப்ப, 'அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, வேலை போயிடும்'னு கெஞ்சுச்சு. நானும் சொல்லல. அது மட்டும் இல்லேன்னா நானும் இல்ல, அவனும் இல்ல."

போனில் ஒரு சேவல் கூவியது.

ருக்மிணி மெல்ல முகத்தை நிமிர்த்தினார். தாடைக்கு அடியில் வெள்ளையாக ஒரு கோடு.

"சைக்கிள்ல விழுந்தேன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன்," என்றார் சாலிஹாவிடம், மிகத் தணிந்த குரலில். "கட்டிக்கிட்ட மனுசன்கிட்டக் கூட. இருபத்தொம்போது வருசமா."

பிறகு போன் பக்கம் குனிந்தார்.

"ஏனுங்க அக்கா... வேலை போகலைங்க."

"யாரது?"

"நாந்தானுங்க. அந்தக் கழுதை டாக்டரு."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு இழுபட்டது. அப்புறம் எழுந்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஜன்னலோரம் நின்றவன் திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. சாலிஹா போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

கார்டில் நிமிஷங்கள் தீர்ந்து லைன் கட்டானபோது ருக்மிணி தன் கையெழுத்துக்காக வக்கீல் எழுதிக் கொடுத்திருந்த அஃபிடவிட் டிராஃப்டைக் கையில் எடுத்தார். படித்தார். குறுக்கே கோடு போட்டார்.

"ஆன்ட்டி!" பதறினான் ஆகிப்.

"பயப்படாத கண்ணு. இதுல எல்லாமே 'எனக்குத் தெரிந்த வரையில்'னு இருக்கு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவு கொஞ்சமில்லை. நானே எழுதறேன்."

"கழுதையுமா?"

"கழுதை இல்லாம எப்படி? அது இருந்தாத்தான் ஆபீசர் நம்புவான்."

திங்கள் காலை பத்து மணிக்கு பிளசன்டனில் ஒரு நோட்டரி முன்னால் டாக்டர் ருக்மிணி வலது கையைத் தூக்கினார். மூன்று பக்கம். கையெழுத்து நடுங்கவில்லை. உம்மாவின் அஃபிடவிட் தஞ்சாவூரிலிருந்து கூரியரில் வியாழனன்று வந்தது. வெள்ளிக்கிழமை, விசா முடிய ஆறு நாள் இருக்கையில், வக்கீல் எல்லாவற்றையும் தாக்கல் செய்துவிட்டுப் போன் பண்ணினார்.

"முடிவு வர மாதங்கள் ஆகலாம். ஆனால் அதுவரை நீங்கள் இங்கேயே இருக்கலாம். இருவரும்."

ஆகிப் போனை வைத்துவிட்டுத் திரும்பினான். சாலிஹா ஏற்கெனவே கடைசி செமஸ்டருக்கான பாடப் பட்டியலை மேஜையில் விரித்து, பென்சிலால் வட்டம் போட ஆரம்பித்திருந்தாள்.