மேரியக்காவின் வெந்நீர்

மலைமேல், பெரக்கரை நாட்டு மனநலக் காப்பகத்தில் வேலை பார்த்த ஆரோக்கியமேரிக்குக் கோபம் வந்தால், பக்கத்திலிருக்கும் வாளித் தண்ணீர் கொதித்தது. மிளகு விலை ஏறிய வருடம் அது. மலையில் ஆளாளுக்குக் கொடி, காய், வியாபாரி என்று அலைந்துகொண்டிருந்ததால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் கண்டவள் உடன் வேலை பார்க்கும் ராதிகா. பெண்கள் கூடத்தில் ஒரு நோயாளி மேரியின் முன்கையைக் கடித்துவிட்டாள். சத்தம் கேட்டு வந்த மேலாளர் ஈஸ்வரமூர்த்தி, கடிபட்டவளைப் பார்த்து, "கைய எதுக்கும்மா அங்க கொண்டு போனீங்க?" என்று கேட்டார். மேரி சிரித்தாள். அவள் காலடியில் இருந்த வாளி குமிழியிட்டது. ராதிகா அதில் ஒரு முட்டையைப் போட்டுப் பார்த்தாள் என்றும், வெந்ததும் உரித்துத் தின்றாள் என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. காப்பகத்துக்கு முட்டை வருவதே அபூர்வம். அது யாருக்கு வந்த முட்டை என்று கேட்டால் ராதிகா பேச்சை மாற்றிவிடுவாள்.

மேரி மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரி. செவிலிய உதவியாளர் படிப்பு படித்தவள். சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருந்தாள். மலையிலோ வாட்ச்மேன் முதல் மேலாளர் வரை அவளை ஆயா என்றார்கள். பொழுது விடிந்தால் நனைந்த பாய்களை அள்ள வேண்டும், மலம் கழுவ வேண்டும், குளிக்க மாட்டேன் என்று சுவரில் ஒட்டிக்கொள்பவர்களைக் கொஞ்சிக் குளிப்பாட்ட வேண்டும், நகம் வெட்ட வேண்டும். அப்புறம் மாத்திரை. கொடுத்தால் மட்டும் போதாது. "வாயத் தொற சாமி, நாக்கத் தூக்கு" என்று ஒவ்வொருத்தியாகப் பார்த்து, முழுங்கியாயிற்றா என்று உறுதி செய்ய வேண்டும். கன்னத்தில் ஒதுக்கி வைத்துப் பிறகு துப்புவதில் அங்கே தேர்ந்த கைகாரிகள் இருந்தார்கள். படிக்கும்போது மேரிக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்று: நோயாளி அடித்தாலும் துப்பினாலும் முகத்தில் காட்டக் கூடாது, அப்படியே முழுங்கிவிட்டுச் சிரிக்க வேண்டும். மற்றவர்கள் அதைப் பரீட்சைக்குப் படித்தார்கள். மேரி பிழைப்பாகவே ஆக்கிக்கொண்டாள். கீழேயிருந்து வரும் டாக்டர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் பழைய மாத்திரையையே எழுதினார், முழுங்கினாள். பேன் பார்க்க ஆள் போடுவதற்குப் பதில் அத்தனை பெண்களுக்கும் மொட்டை அடித்தார்கள், முழுங்கினாள். நோயாளிக்குக் கோபம் வந்தால் ஊசி, வேலைக்காரிக்கு வந்தால் மெமோ, ஈஸ்வரமூர்த்திக்கு வந்தால் மட்டும் அதற்குப் பெயர் நிர்வாகம்.

அந்த மார்கழியில் குளியல் கொட்டகை மேலிருந்த சூரியஒளி ஹீட்டர் படுத்துவிட்டது. காட்டில் விறகு எடுக்க வனத்துறை விடவில்லை. பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கூடமே அலறியது. ஈஸ்வரமூர்த்தி கெட்டவர் இல்லை. அவரே பல பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார். ராதிகாவின் வாய் சும்மா இருக்குமா, சங்கதி அவர் காதுக்குப் போனது. மறுநாள் மேரியைக் கூப்பிட்டு, "உங்க கோபம் ஆண்டவர் குடுத்த வரம்மா, அதை வீணாக்கக் கூடாது" என்றார். அன்றிலிருந்து வாளிகளை வரிசையாக வைத்து, நடுவில் அவளை நிறுத்தி, கோபமூட்டும் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டார். லீவு கேட்டால் தரவில்லை. கழுவிய தரையை மறுபடி கழுவச் சொன்னார். அவள் சமையலை, அவள் சபையை, செத்துப்போன அவள் புருஷனைக்கூட விட்டுவைக்கவில்லை. தண்ணீர் கொஞ்ச நாள் கொதித்தது, பிறகு வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. தனக்கு நடப்பது எதுவும் அந்த வேலையில் இருப்பவளுக்குப் பழகிப்போகும். இதைக் கண்டுபிடிக்க மேலாளருக்கு அதிக நேரம் ஆகவில்லை. அதன் பிறகுதான் அவர் பார்வை கண்ணாயி மேல் விழுந்தது.

கண்ணாயி மலைமேல் அதே பெரக்கரை நாட்டுக்காரி. ராகியும் குச்சிக்கிழங்கும் போட்டுப் பிழைத்த குடும்பம். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து காட்டுக்குள் போய் மழையில் கிடந்தவளை, புருஷன் ராசப்பன் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒரு போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போனான். அது சேந்தமங்கலத்தில் ஒரு லாரி ஆபீஸ் நம்பர். அங்கே போனை எடுப்பவனுக்கு மேரியின் குரல் பழகிப்போய், "உங்காளு இன்னும் வரலீங்கக்கா" என்பான். வைத்தியத்தில் கண்ணாயி தெளிந்து வருடங்கள் ஆகிவிட்டன. "ஊட்டுக்குப் போவோணும்" என்று அவள் சொல்லும் போதெல்லாம் நோய் திரும்பிவிட்டது என்று மாத்திரையைக் கூட்டினார்கள். போகாத பொழுதுக்கு அவள் கூடத்தில் மேரிக்கு வலது கையாக இருந்தாள். சோறு ஊட்டினாள், முதுகு தேய்த்தாள், முளைத்து வரும் முடியில் பேன் பார்த்தாள். அவள் கை பட்டால் கடிக்கிறவளும் கடிக்க மாட்டாள்.

அந்தக் கைகளைத்தான் ஈஸ்வரமூர்த்தி கட்டினார். காலையில் குளிக்கும் நேரத்துக்கு, கட்டில் கம்பியோடு, துணிப்பட்டையால், மேரியின் கண் முன்னால். வாளிகள் அத்தனையும் தளபுளவென்று கொதித்தன. பச்சைத் தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டியதாயிற்று. குளிரில் நடுங்காமல் குளித்த பெண்கள் சிரித்தார்கள். மேலாளருக்கு அப்படி ஒரு பூரிப்பு.

மேரி கோபப்படாமல் இருக்கப் பார்த்தாள். கண்ணை மூடி ஜெபம் சொன்னாள், அடிவாரத்து மாதா கோயில் தேர்த் திருவிழாவை நினைத்தாள், அயிரை மீன் குழம்பை நினைத்தாள். கொதி இறங்கி ஆவி நின்றது. ஈஸ்வரமூர்த்தி வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"என்னம்மா மேரி, சூடு பத்தலியே? இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டச் சொல்லட்டுமா?"

இறுக்கினார்கள். மணிக்கட்டுத் தோல் உரிந்தது. மேரி மூச்சை இழுத்து, சிரித்தாள். வாளி பொங்கி வழிந்தது. கோபப்பட்டாலும் கட்டு, படாவிட்டாலும் கட்டு. தன் காரணமாகக் கண்ணாயியின் கை அழுகப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. வேலையை விட்டுப் போய்விடலாம் என்றால், கண்ணாயியை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? கட்டு அவிழ்த்த கைக்குத் தைலம் போட உட்கார்ந்த மேரியின் முகத்தையே கண்ணாயி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேரியக்கா, வாயத் தொறங்க."

"எதுக்கு கண்ணு?"

"தொறங்கங்கறேன். நாக்கத் தூக்குங்க." மேரி என்ன நினைத்தாளோ, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். கண்ணாயி எட்டிப் பார்த்தாள். "ம், பூராத்தையும் முழுங்கீட்டீங்க. நாங்களாச்சும் பாதி மாத்திரைய சாக்கடையில துப்பறமுங்க. நீங்க ஒண்ணையாவது துப்பியிருக்கீங்களா?"

அந்த வாரமே, காப்பகத்துக்குப் பணம் தரும் ஈரோட்டுப் பானுமதி அம்மா, படம் எடுக்கிற ஆளோடு காரில் மலையேறி வந்தார். வளைவுகளில் வாந்தி எடுத்துக் களைத்திருந்தவருக்கு வெந்நீர் அதிசயத்தைக் காட்ட ஈஸ்வரமூர்த்தி துடித்தார். வாளிகள் வரிசையாக நின்றன. கண்ணாயியைச் சீலை மடிப்புக் கலையாமல் கட்டி வைத்திருந்தார்கள். தண்ணீர் முணுமுணுக்கத் தொடங்கியது. மேலாளர் குனிந்து பட்டையை இன்னொரு சுற்று இழுத்தார்.

"அவுத்து உடுடா அந்தக் கைய!"

மேரியின் வாயில் அந்த 'டா' எங்கே இருந்தது என்று ராதிகாவுக்கு இன்றைக்கும் ஆச்சரியம். அதோடு நிற்கவில்லை. மொட்டை அடித்த தலைகளைச் சொன்னாள், டாக்டரின் செல்போனைச் சொன்னாள், லாரி ஆபீஸ் நம்பரைச் சொன்னாள், ராசப்பனின் ஏழு தலைமுறையைச் சொன்னாள், கடித்தவளை விட்டுவிட்டுக் கடிபட்டவளைக் கேட்டதைச் சொன்னாள். வெளியே ரோட்டு டீக்கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டதாகச் சத்தியம் செய்கிறார். அவள் பேசப் பேச ஆவி அடங்கியது. பேசி முடித்து மூச்சு விட்டபோது, எல்லா வாளியிலும் மேலே மெல்லிய பனிக்கட்டி ஆடை கட்டியிருந்தது. பானுமதி அம்மா விரலால் தட்டிப் பார்த்தார். அது கண்ணாடி மாதிரி உடைந்தது. இத்தனை நாளும் தண்ணீரைக் கொதிக்க வைத்தது கோபமல்ல, முழுங்கிய கோபம் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. ஈஸ்வரமூர்த்திக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாக.

இனி யாரையும் கட்டக் கூடாது என்று பானுமதி அம்மா சொல்லிவிட்டுப் போனார். கருணை என்று நினைத்துவிட வேண்டாம். "போட்டோவுல நல்லா இருக்காது" என்று அவர் சொன்னதை ராதிகா தன் காதால் கேட்டாள். எப்படியோ, கட்டு அவிழ்ந்தது. மேரியைத் துரத்த மேலாளருக்குக் கை அரித்தது. ஆனால் அந்தச் சம்பளத்துக்கு மலையேறி வந்து மலம் அள்ள வேறு யாரும் இல்லை. சில நாள் கூடம் பச்சைத் தண்ணீரில் குளித்து அலறியது, மேரிக்கு அது நெஞ்சை அறுத்தது. ஆனாலும் அவள் முழுங்கவில்லை. மனதில் பட்டதை அங்கேயே, அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். அவளைப் பார்த்து ராதிகா சொன்னாள். ராதிகாவைப் பார்த்து, மாத்திரை வேண்டாம் என்பவர்களும் காரணத்தோடு சொன்னார்கள். ஈரோட்டிலிருந்து பானுமதி அம்மா தினமும் போனில் விசாரித்ததால், ஈஸ்வரமூர்த்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சிரிக்க வேண்டியிருந்தது.

தை பிறந்த பிறகு ஒரு காலை, அவர் மேசைமேல் இருந்த டம்ளர் தண்ணீர் தானாகக் கொதித்தது.

அதற்குப் பிறகு வாளிகளை அவர் அறை வாசலில் கொண்டுபோய் வைக்கிறார்கள். கூடத்து வேலைகளில் அதுவும் ஒன்றாகிவிட்டது. கண்ணாயி குனிந்து விரலை நனைத்துப் பார்க்கிறாள். போதவில்லை என்றால் கதவைத் தள்ளி, "ஏனுங்க சார், என்னைய எப்பங்க ஊட்டுக்கு அனுப்புவீங்க?" என்று கேட்கிறாள். அவர் சிரிக்கிறார். தண்ணீர் தயாரானதும் மேரியும் ராதிகாவும் ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு வேகமாக நடக்கிறார்கள். மலைக்குளிரில் சட்டென்று ஆறிவிடும்.