அமிர்தத்தின் அயோடின்

"விடுண்ணே! அம்மா மேல வுழுந்து அழக்கூடவா எனக்கு உரிமையில்ல?"

செந்தமிழ்செல்வன் தங்கை வினோதினியைப் பிணத்திலிருந்து பிய்த்தெடுக்கப் பார்த்தான். அவளுக்கு ஏழு மாதம். குமராட்சித் தெருவே வேடிக்கை பார்த்தது.

"மாசமா இருக்கறவ பொணத்தத் தொடக்கூடாது" என்றான்.

அத்தை சௌந்தரம் அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். "யாருடா பேசுறது? பொங்கலுக்கு வந்தப்ப இதெல்லாம் மூடநம்பிக்கன்னு எங்களுக்கு கிளாஸ் எடுத்தவன்தான நீ?"

எடுத்தவன்தான். அணு அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வாளன். வேலைக்குத் தயார்செய்யும் பயிற்சியில் கதிரியக்கப் பாதுகாப்புக்கு அவன்தான் முதல் மதிப்பெண். சிந்தியதைத் துடைக்க, கையுறையைக் கழற்ற, எல்லாவற்றுக்கும் ஒத்திகை வைத்தார்கள். தாயிடமிருந்து தங்கையைப் பிரிக்க மட்டும் ஒத்திகை வைக்கவில்லை.

அம்மா அமிர்தத்துக்குத் தைராய்டில் புற்று. மருத்துவமனையில் கதிரியக்க அயோடின் கொடுத்து, முந்தாநாள்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். விடியலில் இதயம் நின்றுவிட்டது. அயோடின் நிற்கவில்லை. மற்றவர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, வயிற்றுப்பிள்ளைக்கும் ஆபத்து சிறிதுதான் என்று கணக்கு சொன்னது. அந்த வயிற்றைப் பார்த்ததும் கணக்கு மறந்துபோனது. வாய்விட்டுச் சொன்னால் பாடை தூக்க ஆள் நிற்காது. அந்தப் பயம் வேறு.

கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் அவளிடம் மட்டும் சொன்னான். "அந்த மருந்து அம்மா ஒடம்புல இன்னும் இருக்கு வினோ. எனக்கு பயமா இருக்கு."

அவள் கை வயிற்றுக்குப் போனது. "புள்ளைக்கு எதனா ஆயிருக்குமாண்ணே?"

"இவ்ளோ நேரத்துல ஒண்ணும் ஆவாது."

"சத்தியமா?"

படித்தவன் சதவிகிதம்தான் சொல்லவேண்டும்.

"சத்தியமா."

அவள் மூக்கைச் சிந்தினாள். "அப்ப எண்ண, சீயக்கா யாரு வைக்கிறது? மவதான வைக்கணும்?"

"நான் வைக்கிறேன்."

"உனக்கு உன் தலைக்கே ஒழுங்கா வைக்கத் தெரியாது" என்றபடி எதிர்வீட்டுக்கு நடந்தாள்.

கையுறையோடு அவன் உட்கார்ந்ததும் மாமா சடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. "என்னா மருமவனே, பெத்தவளத் தொட கவரு மாட்டிக்கினு வர்ற?"

அவன் அம்மாவின் உச்சியில் எண்ணெயை வைத்து, அவசரமாக இரண்டு தேய்ப்புத் தேய்த்தான். பறைச் சத்தம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு வாசலில் வினோதினி கையை ஆட்டினாள். அப்படியில்லை என்று தலையசைத்துவிட்டு, தன் முடியை ஒதுக்கி, காதின் பின்புறத்தை விரலால் வட்டமாகத் தேய்த்துக் காட்டினாள்.

அவன் அம்மாவின் காதை மெல்ல மடக்கினான்.

இன்னும் கொஞ்சம் கீழே என்று காட்டினாள்.