‘தவாரிஷ்’ அட்டையில் ஒரு வரி

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. மாஸ்கோவில் முட்டைக்கோசு வாங்க நின்றபோது, வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் சொன்னது. ரஷ்யனில் ‘தவாரிஷ்’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘தோழர்’ என்று மொழிபெயர்த்தே இருபது வருடம் சம்பளம் வாங்கியவன் நான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டவள் பட்ட பாடு இது.

2

லெனின்கிராடில், 1950-இல், பனி மூடிய ஒரு காலை...

(வேண்டாம். ரஷ்யக் கதை என்றால் பனி பெய்தே ஆகவேண்டுமா?)

அகராதி அலுவலகத்தில் சொற்களின் வேரை அட்டையில் எழுதுவது கிளாஃபிராவின் வேலை. ‘தவாரிஷ்’ அட்டையில் எழுதினாள்: துருக்கிய மொழிகளிலிருந்து வந்திருக்கலாம், ‘தவார்’ என்றால் கால்நடை, சரக்கு, ஆக, வியாபாரத்துக்குக் கூடப் போனவன்.

தலைவர் யெவ்சேய்க்கு வியர்த்துவிட்டது. புரட்சி செய்த சொல்லுக்கு அப்பன் மாட்டு வியாபாரியா? ‘உழைப்பில் கூட நின்றவன்’ என்று மாற்றச் சொன்னார். அவள் முடியாது என்றாள். [வீரம் என்று எழுத ஆசைதான். நான்கு மாத உழைப்பு வீணாகிறதே என்ற எரிச்சல், அவ்வளவுதான்.]

பக்கத்து மேசை ஃபைனா, பதினோரு வருடமாக அவளோடு ஒரே கெண்டியில் தேநீர் குடிப்பவள், செல்லப் பெயர் சொல்லிக் கெஞ்சினாள்:

“ஒரு வரிதானேடி கிளாஷா, மாத்தித் தொலையேன். நீ போயிட்டா நான் யாரோட டீ குடிப்பேன்?”

3

கூட்டம் போட்டார்கள். “குடிமகள் ஸ்வியாகினா,” என்று அவளது குடும்பப் பெயரைச் சொல்லி ஆரம்பித்தார் யெவ்சேய். ஃபைனா தன் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

(அடிக்குறிப்பு: விசாரணைக் கைதியைத்தான் அப்படி அழைப்பார்கள். ‘தோழர்’ போய்க் ‘குடிமகள்’ வந்தால் வேலை போயிற்று. சில சமயம் ஆளே போயிற்று.)

4

முடிவு அ: ஓட்டெடுப்பில் ஃபைனா மட்டும் கை தூக்கவில்லை. (எழுதும்போதே சிரிப்பு வந்தது. கிழித்துவிட்டேன்.)

முடிவு ஆ: கிளாஃபிரா வரியை மாற்றுகிறாள், யெவ்சேய் கண்கலங்கி... (இதற்குப் பரிசே கிடைக்கும். அதனாலேயே பிடிக்கவில்லை.)

நடந்தது: அவளை நீக்கக் கை தூக்கச் சொன்னார்கள். ஃபைனாவின் கைதான் முதலில் எழுந்தது.

“அப்புறம் உங்களுக்கு என்னம்மா ஆச்சு?” என்று வரிசையில் கேட்டேன்.

“எனக்கு என்ன ஆகும்? நான் ஃபைனா,” என்று சொல்லிவிட்டு முட்டைக்கோசை அமுக்கிப் பார்த்தாள் அந்த அம்மாள்.

5

கிளாஃபிரா என்ன ஆனாள் என்று அவள் சொல்லவில்லை. நான் எப்படி எழுதுவது? தீர்மானம் ‘ஒருமனதாக’ நிறைவேற இன்னும் ஒரு கை பாக்கி இருக்கிறது. வாசகரே, ஃபைனாவைத் திட்டிக்கொண்டு இவ்வளவு நேரமும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். யெவ்சேய் உங்களைப் பார்க்கிறார். உங்களை இன்னும் தோழர் என்றுதான் அழைக்கிறார்.